லோக்கல்ல தான் கீ…

புதிய ஆம்ப்ளிஃபையரில் அந்தச் சுவிட்ச் இல்லையாம். போன வாரம் தீபா அழைத்துச் சொன்னாள். வானொலியின் சென்னைக் கட்டுப்பாட்டு அறையில் நான் விட்டுவந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள்.

"முன்பக்கம் வெறும் கண்ணாடிதான் மேடம். கையால திருப்ப ஒண்ணுமே இல்ல. லோக்கல், ரிமோட் எல்லாம் திரையிலயே. தொட்டா மாறிடுது."

மாறிவிட்டுப் போகட்டும் என்றேன். அவள் விடவில்லை. நிலையத்து மலருக்கு நான் நாலு பக்கம் எழுதித் தர வேண்டுமாம்.

"எதைப் பத்தி?"

"அந்தச் சுவிட்சைப் பத்தித்தான். உங்களையும் காதர் பாயையும் வெச்சு ஆளுக்கொரு கதை சொல்றாங்க. உண்மையில இன்னாதான் நடந்துது மேடம்?"

இன்னாதான் நடந்தது. எத்தனை வருடமாக நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வேப்பம்பட்டில் என் வீட்டு மாடிக்குப் பின்னால் ரயில் போகும் ஒவ்வொரு முறையும், துணி உலர்த்தும் கை அப்படியே நிற்க, ஒரு எழுத்து காதில் வந்து உட்காரும். அதற்கு அடுத்த எழுத்து மட்டும் வராது. நடந்ததைச் சொல்கிறேன் தீபா. தெளிவாகச் சொல்வேன் என்று மட்டும் எதிர்பார்க்காதே.

அந்தச் சுவிட்ச் கட்டைவிரல் அளவுக் கறுப்புக் குமிழ். இடப்பக்கம் லோக்கல், வலப்பக்கம் ரிமோட். இடப்பக்கம் திருப்பினால் டிரான்ஸ்மிட்டர் தன் எதிரே நிற்பவருக்கு மட்டும் கீழ்ப்படியும். வலப்பக்கம் திருப்பினால் தூரத்தில், திரைக்கு முன்னால் இருப்பவருக்குக் கீழ்ப்படியும். யாருடைய பேச்சைக் கேட்பது என்று ஒரு இயந்திரத்துக்குச் சொல்லும் குமிழ். மனிதர்களுக்கு அப்படி ஒன்று இல்லாததால் வந்ததுதான் எல்லாம்.

டிப்ளமோ முடித்ததும் வேலை கிடைத்தது. கவரைப்பேட்டைக்கு அப்பால், ஒரு பக்கம் நெல் வயல், மறு பக்கம் தொழிற்சாலைப் புகை, நடுவே எங்கள் ஒலிபரப்பு நிலையம். முதல் இரண்டு வருடம் மீட்டரைப் படித்து எழுதினேன், ஃபில்டரைக் கழற்றித் தூசி தட்டினேன், மறுபடி மாட்டினேன். ஸ்டுடியோவிலிருந்து வரும் குரல் ஒரு மூச்சளவுதான் இருக்கும். அந்த மூச்சை வாங்கி, நூறு அடிக்கு மேல் நிற்கும் மாஸ்ட் என்ற கம்பிக் கோபுரம் முழுவதும் ஏறி நிற்கும்படி ஊதிப் பெருக்குவது டிரான்ஸ்மிட்டருக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபையர். அதன் விசிறிச் சத்தத்தில்தான் என் இளமை போனது. வீட்டில் யாராவது மெதுவாகப் பேசினால் இன்றும் எனக்குக் கோபம் வரும்.

அப்போது நிலையப் பொறுப்பாளர் தியாகராஜன் சார். எந்தப் பெட்டிக்கு முன்னால் நின்றாலும் இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். இரண்டு கையும் உள்ளே போனால் மின்சாரம் ஒரு கை வழி புகுந்து நெஞ்சைக் கடந்து மறு கை வழி இறங்கும், ஒரு கை என்றால் பிழைக்க வழி உண்டு என்பது காரணம். ஆனால் மனிதர் டீ குடிக்கும்போதும் அப்படியே நிற்பார். ஆகவே நாங்கள் அதைப் பாதுகாப்பு என்று எண்ணவில்லை, மிடுக்கு என்று எண்ணினோம்.

அவருடைய உண்மையான தொல்லை தொலைபேசி. மாஸ்டின் அடியில், வயலுக்குள், ஒரு சின்ன அறை உண்டு, ஹட் என்போம். ஆம்ப்ளிஃபையரிலிருந்து வரும் தடித்த குழாய் அங்கேதான் மாஸ்டைச் சேரும். ஹட்டில் வேலை என்றால் ஒரு ஒழுங்கு இருந்தது. முதலில் சுவிட்சை லோக்கலில் போடு. பிறகு பக்கத்துப் பலகையிலிருந்து ஹட் சாவியை எடு. ஹட்டுக்குப் போனதும் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கும், செம்புப் பின்னல் கட்டிய எர்த் கொக்கியைக் குழாயில் மாட்டு. அதற்கப்புறம் சாருக்கு போன் செய்.

"போட்டாச்சு சார்."

"யார் போட்டது?"

"நான்தான் சார். கோமதி."

"எதைப் போட்டாய்?"

"சுவிட்சை சார்."

"எதில்?"

"லோக்கல்ல சார்."

"இதையெல்லாம் சேர்த்து ஒரு வாக்கியமாகச் சொல்." டொக்கென்று வைத்துவிடுவார்.

மறுபடி நாமே அழைக்க வேண்டும். அழைத்து, எழுத்துத் தமிழில், எழுவாய் பயனிலை குறையாமல், "டிரான்ஸ்மிட்டர் லோக்கலில் இருக்கிறது. சாவி கோமதியிடம் இருக்கிறது. கோமதி ஹட்டில் இருக்கிறாள்" என்று ஒப்பிக்க வேண்டும். பேச்சுத் தமிழில் சொன்னால் அவருக்குக் காது கேட்காது. அப்படித்தான் சொல்வார்: "எனக்குக் காதில் விழவில்லை."

காதர் பாய் இதை வைத்தே பிழைத்தார். டெக்னீஷியன் காதர் மொஹிதீன், பழவேற்காட்டுக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அண்ணன் தம்பிகள் எல்லோரும் கடை வைத்திருக்க, இவர் மட்டும் உத்தியோகத்துக்கு வந்தவர். 'காத்துல யாவாரம் பண்றவன்' என்று வீட்டில் கேலி செய்வார்களாம். ஹட்டிலிருந்து போனை எடுத்து, தொண்டையைச் செருமி, வாசிப்பார்: "வணக்கம். டிரான்ஸ்மிட்டர் லோக்கலில் இருக்கிறது. கொக்கி மாட்டப்பட்டுள்ளது. பாம்பு ஒன்று மூலையில் படுத்துள்ளது. வெளியேறும்படி அதனிடம் கேட்டுக்கொள்ளப்பட்டுள்ளது." சார் சிரிக்கவே மாட்டார். "பாம்பு எந்த மூலையில்?" என்று மட்டும் கேட்பார்.

ஓய்வுபெறும் நாளில், கையில் வடையோடு சாரே சொன்னார். அவருக்குச் செய்தி வாசிப்பாளராக ஆசை. மூன்று முறை குரல் தேர்வுக்குப் போய் மூன்று முறையும் தேறவில்லை. "எங்காவது வாசிக்க வேண்டும் அல்லவா?" என்றார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அடுத்த திங்கட்கிழமை முதல் எங்கள் தொலைபேசி பேச்சுத் தமிழுக்கு வந்துவிட்டது. ஒரு மனிதனின் நிறைவேறாத ஆசைக்காக இத்தனை வருடம் நாக்கை மடக்கினோமே என்று அன்று எரிச்சல்கூட வந்தது. எது பாதுகாப்பு, எது கிறுக்கு என்பது அப்போது எனக்குப் பிரிந்து தெரியவில்லை. இப்போதும் தெரிவதில்லை.

அதற்குப் பிறகு சில வருடங்களில் நெட்வொர்க் வந்தது. சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி, இரண்டு பச்சை விளக்கு, ஒரு நீலக் கம்பி. அதை ஆம்ப்ளிஃபையரின் முதுகில் செருகியதும், சென்னையில் ஒரு திரையில் எங்கள் நிலையம் முளைத்தது. எவ்வளவு மின்திறன் வெளியே போகிறது, எவ்வளவு திரும்பி வருகிறது, எந்த விசிறி சோர்கிறது, எந்தக் கதவு திறந்திருக்கிறது, எல்லாம் அங்கே தெரியும். அங்கிருந்தே போடலாம், அணைக்கலாம். அந்தத் திரைக்கு முன்னால் சிவராமன். திருநெல்வேலிப் பக்கம். ஐந்து நிலையங்களைப் பார்த்துக்கொள்ளும் மென்மையான மனிதர்.

"மேடம், பின்கதவு திறந்து கெடக்கே, பாக்கலியா?"

நான் பின்கதவின் மேல் சாய்ந்துகொண்டுதான் பேசிக்கொண்டிருந்தேன். "சார், மூடித்தான் இருக்கு."

"இங்க செவப்பா காட்டுதே மேடம்."

"நான் கதவு மேலதான் சார் சாஞ்சுகினு நிக்கிறேன்."

"நீங்க சொல்றது சரிதான் மேடம். ஆனா திறந்துதான் இருக்கு."

ஒரு வாரம் எங்கள் கதவு சென்னையில் திறந்திருந்தது. கடைசியில் காதர் பாய் கதவுச் சுவிட்சைப் பிரித்தால், உள்ளே ஒரு பல்லி, காய்ந்து, கைகூப்பியபடி. "இவன்தான் மேடம் நம்ம புது ஆபீசரு" என்றார். சிரித்தோம். ஆனால் அந்த வாரம் முழுவதும் நான் கதவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. என் முதுகு சொல்வது உண்மையா, திரை சொல்வது உண்மையா என்று ஒரு கணமாவது சந்தேகப்பட்டேன். அந்த ஒரு கணம் பெரியது.

நெட்வொர்க்கைக் குறை சொல்லவில்லை. மின்னழுத்தம் நாளுக்குப் பத்துத் தடவை விழுந்து எழும் வட்டாரம் அது. ஒவ்வொரு தடவையும் டிரான்ஸ்மிட்டர் அணையும். முன்பெல்லாம் சோற்றுக் கையோடு ஓடுவோம். இப்போது நாங்கள் எழுவதற்குள் சிவராமன் போட்டுவிடுவார். நல்ல காரியம்தான். ஒரே ஒரு சங்கடம்: நாங்கள் சுவிட்சை லோக்கலில் போட்ட நொடியில் சென்னைத் திரை சிவந்துவிடும். நிலையம் கைவிட்டுப் போனதாக மேலே போகும். மறுநாள் எனக்குக் கடிதம் வரும்: ஏன் லோக்கலில் போடப்பட்டது, விளக்கம் தரவும். அப்போது நிலையத்தில் ஷிப்ட் பொறுப்பு என்னுடையது. நான்கு விளக்கம் எழுதினேன். ஐந்தாவது கடிதம் வந்த அன்று, சலிப்பில், காதர் பாயிடம் சொன்னேன்:

"இனிமே எங்கிட்ட கேக்காம லோக்கல்ல போடாதீங்க பாய். நான் சென்னைக்குச் சொல்லிட்டு நானே போடறேன்."

"சாவி எடுக்கறப்போ?"

"சாவி எடுத்துக்கோங்க. சுவிட்சைத் தொடாதீங்க."

"முதல்ல சுவிட்சு, அப்புறம் சாவின்னு பலகைல எழுதி வெச்சுக்கீதே?"

"பலகையா பாய் விளக்கம் எழுதுது? நான் எழுதறேன்."

எழுதி வைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை. விசிறிச் சத்தத்துக்கு நடுவே, இரண்டு பேருக்குள், வாய்வார்த்தையாக ஒரு உத்தரவு.

அந்த நாள் வெயில் நன்றாக ஏறிய காலை. காலை ஒலிபரப்பு ஒன்பதரைக்கு முடியும், மதிய ஒலிபரப்பு பதினொன்றுக்குத் தொடங்கும். இடையில் ஹட்டில் ஒரு இணைப்பை இறுக்க வேண்டும். முந்தின நாளே பாயிடம் சொல்லியிருந்தேன், ஒன்பதுக்கு வந்துவிடுவேன், வந்து நானே லோக்கலில் போடுகிறேன் என்று. வேப்பம்பட்டிலிருந்து கவரைப்பேட்டைக்கு லோக்கல் ரயிலில் போக வேண்டுமானால் பேசின் பிரிட்ஜ் வரை உள்ளே போய், கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடித்து வெளியே வர வேண்டும். ஒரு எழுத்தை எழுதுவது போல வளைந்து வளைந்து போகிற பயணம். அன்று முதல் ரயில் தாமதம், இரண்டாவது கவரைப்பேட்டைக்குச் சற்று முன்னால் சிக்னலில் நின்றுவிட்டது. மணி பத்தை நெருங்கியது. இறங்கி ஓடலாமா என்று வாசலில் நின்றேன். அப்போது போன் அடித்தது. சிவராமன்.

கட்டுப்பாட்டு அறையில் அன்று புது மென்பொருளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். நிலையம் லோக்கலில் இருக்கும்போது சென்னையிலிருந்து 'ஆன்' அனுப்பினால், டிரான்ஸ்மிட்டர் ஏற்காமல் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த மறுப்பு சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஹட் வேலைக்காக எப்படியும் லோக்கலில் போட்டிருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அவருடைய திரை 'ரிமோட்' என்றுதான் காட்டியது. ஆனால் அது பல்லியைத் திறந்த கதவு என்று சொன்ன திரை. அதனால் மனிதரைக் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம் என்று நினைத்தார். நல்லெண்ணம்தான்.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தவை. அப்போது காதில் விழுந்தது இவ்வளவுதான்:

"மேடம், லோக்கல்லயா?"

எழுவாய் இல்லை. பயனிலை இல்லை. யார், எது, ஒன்றும் இல்லை. நான் வாசல் கம்பியைப் பிடித்திருந்தேன். தாமதமாக வருவதைக் கண்டுபிடித்துவிட்டாரே என்று முகம் சூடானது. அவசரத்தில் என் வாய் எப்போதும் ஊருக்குத் திரும்பிவிடும்.

"ஆமா சார், லோக்கல்ல தான் கீ—"

பக்கத்துத் தண்டவாளத்தில் சரக்கு ரயில் ஊதிக்கொண்டு வந்தது. ஊதியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. அது போனபோது போனில் யாரும் இல்லை.

கீறேன் என்றால் நான் ரயிலில் இருக்கிறேன். கீது என்றால் சுவிட்ச் லோக்கலில் இருக்கிறது. இந்தப் பக்கத்துத் தமிழில் இரண்டுக்கும் தலை ஒன்று, வால்தான் வேறு.

சிவராமன் ஆன் கொடுத்தார், மறுப்பு வரும் என்று. வரவில்லை.

நான் வந்து சேராததால் சுவிட்ச் ரிமோட்டிலேயே இருக்க, ஹட்டில் காதர் பாய் வேலையை முடித்து, கொக்கியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டார். கதவைச் சாத்தப் போனவர், ஒரு திருகு இன்னும் ஒரு சுற்று இறுகும் போலத் தோன்றவே திரும்பி வந்து வலது கையை வைத்தார். ஆம்ப்ளிஃபையர் விழித்து, தன் எதிரே ஏதோ தவறு என்று உணர்ந்து, தானே அணைந்தது. எல்லாம் ஒரு நொடிக்குள். அந்த ஒரு நொடி போதும். அலைவரிசை மின்சாரம் சுடுவது அடுப்பு சுடுவதைப் போல அல்ல. வெளியே வெள்ளையாக ஒரு புள்ளி, பட்டாணி அளவு. வேக்காடெல்லாம் உள்ளே.

நான் நிலையத்துக்கு ஓடிவந்தபோது வராந்தாவில் உட்கார்ந்து, கையை ஒரு வாளித் தண்ணீரில் முக்கியிருந்தார். கேட்டதே வேறு.

"ட்ரெயினு லேட்டா மேடம்?"

மருத்துவமனையில் இரண்டு அறுவை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இனி மடங்காது என்றார்கள். பார்க்கப் போனேன். அவர் மனைவி தட்டில் நாஷ்டா வைத்து ஊட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மா எழுந்து வெளியே போனதும் நான் ஆரம்பித்தேன்.

"பாய், நான்தான சொன்னேன், சுவிட்சைத் தொடாதீங்கன்னு…"

"அதெல்லாம் எங்கயும் வாயத் தொறக்காத கோமதிம்மா. உனக்கு இன்னும் பத்து வருசம் கீது. எனக்கு ரெண்டு. ஒரு மெமோ குடுப்பானுங்க, வாங்கி மடிச்சு வெச்சுக்கறேன். பேஜாரு பண்ணிக்காத."

அவருக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்திருந்தது. மெமோ இல்லை, கவனக்குறைவு என்று எழுதினால் வேலைநீக்கம். காற்றில் வியாபாரம் செய்தவர், கடைசியில் மடங்காத விரலோடு தம்பி கடை வாசலில் போய் உட்கார வேண்டியிருக்கும்.

விசாரணை சென்னையில், முற்பகலில். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இந்தப் பக்கம் சிவராமன், காதர் பாய், நான். கட்டுப்பாட்டு அறையின் அழைப்புகள் எல்லாம் பதிவாகும். அதை ஒலிபெருக்கியில் போட்டார்கள். என் குரல் எனக்கே அந்நியமாக, கூச்சமாக, அந்த அறையில் நின்றது.

"ஆமா சார், லோக்கல்ல தான் கீ—"

ஊதல்.

மறுபடி போட்டார்கள். மறுபடி. நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டார், கச்சேரி கேட்பவர் போல.

"கடைசியில 'து' மாதிரி ஒண்ணு வருது இல்ல?"

"இல்ல சார். அது ரயிலோட தடக்கு" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"நீங்க இன்னா சொன்னீங்க மேடம், கீதுன்னா, கீறேன்னா?"

கீறேன் என்றால் தப்பு சிவராமனுடையது, தவறாகக் கேட்டது. கீது என்றால் தப்பு என்னுடையது, பார்க்காத சுவிட்சுக்குச் சாட்சி சொன்னது. நான் கீறேன் என்றுதான் சொன்னேன். அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் ஏழாவது முறை கேட்டபோது எனக்கே நிச்சயம் நழுவியது. அவர் சுவிட்சைக் கேட்கிறார் என்று எனக்கு ஒரு ஓரத்தில் தெரிந்திருந்ததா? நான் நிலையத்தில் இல்லை என்பதை மறைக்க, எப்படியும் பத்து நிமிடத்தில் போய்ப் போட்டுவிடப் போகிறேனே என்ற தைரியத்தில், கீது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேனா? ரயில் ஊதியது அந்த எழுத்தைக் கெடுத்ததா, என்னைக் காப்பாற்றியதா?

"தெரியல சார்" என்றேன். உண்மை.

சிவராமன் என் பக்கம் திரும்பவே இல்லை. "எங் காதுல 'கீது'ன்னுதான் விழுந்துச்சு" என்றார், மேசையைப் பார்த்து. அதுவும் உண்மையாகத்தான் இருக்க வேண்டும். மனிதர் அழுதிருந்தார்.

காதர் பாயைக் கேட்டார்கள். சாவியை எடுத்தபோது ஏன் சுவிட்சைத் திருப்பவில்லை?

"மறந்துட்டேன் சார்."

"இத்தனை வருஷ சர்வீஸ்ல?"

"அதான் சார், இத்தனை வருசம் ஆச்சே. மறதி வராதா?"

அறை லேசானது. வழி கிடைத்துவிட்ட நிம்மதி. நடுவில் இருந்தவர் பேனாவைத் திறந்தார். பதிவு தெளிவாக இல்லை, ஊழியர் ஒப்புக்கொண்டுவிட்டார், ஆகவே பணியில் கவனக்குறைவு, நீக்கத்துக்குப் பரிந்துரை என்று சொல்லிக்கொண்டே எழுதத் தொடங்கினார். நீக்கம் என்ற சொல்லுக்குக் காதர் பாயின் கட்டுப்போட்ட கை மடியில் ஒரு தடவை துள்ளியது.

"நீங்க ஏதாவது சேர்க்கணுமா மேடம்?"

இல்லை என்று ஒரு சொல். அது போதும். எழுவாய்கூட வேண்டாம்.

ஆனால் எழுந்து நின்றிருந்தேன். என் இடது கை முதுகுக்குப் பின்னால் போயிருந்தது. எப்போது போனது என்று தெரியாது. வாயிலிருந்து வந்தது பேச்சுத் தமிழ் இல்லை.

"காதர் மொஹிதீன் மறக்கவில்லை. சுவிட்சைத் தொடக்கூடாது என்று அவருக்கு உத்தரவு போட்டது நான். என் பெயர் கோமதி. விளக்கக் கடிதம் எழுதுவதைத் தவிர்ப்பதற்காக அந்த உத்தரவை நான் போட்டேன்."

"ஐயோ, நிறுத்தும்மா" என்றார் காதர் பாய்.

"அவர் என் உத்தரவைக் கடைப்பிடித்தார். டிரான்ஸ்மிட்டர் ரிமோட்டில் இருந்தது."

பேனா நின்றது. நடுவில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "செய்தி வாசிக்கற மாதிரி சொல்றீங்க" என்றார்.

காதர் பாயின் வேலை நிலைத்தது. என்னை நிலையத்திலிருந்து எடுத்தார்கள். தண்டனை என்று நினைத்தார்களோ, ஆள் பற்றாக்குறையோ, சிவராமன் வேறு பிரிவுக்கு மாற்றல் வாங்கிப் போனதால் காலியான இடத்தில், அதே திரைக்கு முன்னால், அதே நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். ஐந்து நிலையங்கள். ஐந்து பச்சைப் புள்ளிகள். ஆன் கொடுக்கும் முன் அழைப்பேன். "யாரு? எது? எதுல? முழுசா சொல்லுங்க" என்பேன். எனக்குப் பின்னால் என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்று தெரியும். தியாகராஜன் சாரிடம் சிரித்ததெல்லாம் வட்டியில்லாமல் திரும்பி வந்தது.

காதர் பாய் மட்டும் கேலி செய்யவில்லை. அல்லது, கேலியை விடவே இல்லை. இடது கையால் போனைப் பிடித்து, தொண்டையைச் செருமி, "வணக்கம். டிரான்ஸ்மிட்டர் லோக்கலில் இருக்கிறது. சாவி காதர் மொஹிதீனிடம் இருக்கிறது. விரல்கள் இரண்டும் நலமாக, நேராக இருக்கின்றன" என்பார். ஒரு நாள் துணிந்து கேட்டேன்.

"பாய், அன்னிக்கு நெசமாவே மறந்துட்டீங்களா? இல்ல, நான் சொன்னதுக்காகத் தொடலையா?"

"மறந்துட்டேனா இல்லையான்றதே மறந்துபோச்சு மேடம்."

விசாரணையில் 'மறக்கவில்லை' என்று அவர் சார்பில் அடித்துச் சொன்னவள் நான். அது எனக்கு எப்படித் தெரியும்? ஒருவேளை அவர் சொன்னதுதான் உண்மையோ? நான் தியாகம் என்று நினைத்தது வெறும் மறதியோ? என் உத்தரவு இல்லாவிட்டாலும் அப்படியேதான் போயிருப்பாரோ? திரையில் எல்லா எண்ணும் தெரிந்தது. இது தெரியவில்லை.

நான் எழுதிய கடைசி விளக்கக் கடிதம் நான்கு நிமிட மௌனத்துக்காக. அதை எழுதிய கையோடுதான் விருப்ப ஓய்வுக்கும் எழுதினேன், வயது இன்னும் மிச்சமிருக்க.

அது காதர் பாயின் கடைசிப் பணிநாள். பதினொன்றுக்கு ஒலிபரப்பு. இரண்டு நிமிடம் முன்னால் விரல் பொத்தானுக்கு மேல் இருந்தது, நிலையத்தை இன்னும் அழைக்கவில்லை. திரையில் 'ரிமோட்', 'தயார்', எல்லாம் பச்சை. போன் அடித்தது. அவர் எண்.

"மேடம், லோக்கல்ல கீ—"

ஊதல். அறுந்துவிட்டது.

என் காது அந்த இடைவெளியில் சும்மா இருக்கவில்லை. ஒரு நொடிகூடப் பொறுக்காமல், தானே, 'து' என்று முடித்தது. கேட்டேன். சத்தியமாக, அவர் குரலிலேயே கேட்டேன். சிவராமன் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னது நினைவுக்கு வந்தது.

திரை ரிமோட் என்றது. காது லோக்கல் என்றது. லோக்கல் என்றால் ஹட்டில் யாரோ இருக்கிறார்கள். கடைசி நாளில் எதற்கு ஹட்? விடைபெறும் முன் ஒரு திருகை இறுக்கப் போனாரா? திரும்ப அழைத்தேன், தொடர்பு இல்லை. நிலையத்துக்கு அடித்தேன், எடுக்கவில்லை; மாலை மரியாதையில் இருப்பார்கள். பதினொன்று ஆனது. கடந்தது. பொத்தான் மேல் இருந்த விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். சுற்றியிருந்த போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அடிக்கத் தொடங்கின. "கவரைப்பேட்ட ஏன் மேடம் சத்தமே இல்ல? ஆன் குடுங்க மேடம்!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். ஒரு வட்டாரம் முழுக்க வானொலிகள் மூச்சை அடக்கியிருந்தன. ஒரு நிமிடம். இரண்டு. மூன்று. நான்காவது நிமிடம் முடிகிறபோது போன் அடித்தது.

பின்னால் தடதடவென்று சக்கரச் சத்தம். யாரோ வேர்க்கடலை விற்கும் குரல்.

"…றேன்" என்றார் காதர் பாய். "நான், காதர் மொஹிதீன், லோக்கல் ட்ரெயினில் இருக்கிறேன். காலையிலேயே மாலையப் போட்டு அனுப்பிட்டானுங்க மேடம். சாவி பலகைல கீது. ஹட்ல யாரும் இல்ல. நீ போடு."